ஏழாம் வீட்டுத் துணி

டோர்ட்முண்ட்
9.3.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அம்புறோஸ் எழுதுவது. இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. இருமலைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உங்களையும் அத்தானையும் மருமகன் பெனடிக்றையும் மாதா ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

பெற்றிசியாவுக்கு மூன்று மாதம் முடிகிறது. செப்டெம்பர் நடுப்பகுதி என்று சொல்லியிருக்கிறார்கள். முன்னைய இரண்டும் தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். முதலாவது ஒன்பது நாள் இருந்தது, இரண்டாவதின் முகத்தையே பார்க்கவில்லை. அதனால் இந்த முறை ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதல் கடிதம்.

இங்கே ஒரு மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து பார்க்கிறாள். பெரிய இயற்கைக்காரி. பிள்ளைக்கு என்ன வாங்கலாம், என்ன வாங்கக்கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதித் தந்திருக்கிறாள். பிளாஸ்ரிக் கூடாது, பெயின்ற் அடித்த கிலுகிலுப்பை கூடாது, புதுக்கட்டில் கூடாது, அதன் பசை மணம் பிள்ளையின் மூச்சுக்கு ஆகாதாம். பிள்ளைக்கு ஒருதரம் கட்டிவிட்டு எறிகிற பம்பேஸ் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறாள். ஒரு பிள்ளை நடக்கப் பழகும் முன் ஐயாயிரம் பம்பேஸ் குப்பைக்குப் போகிறதாம். எங்கள் பிள்ளையின் பேரப்பிள்ளைகள் செத்த பிறகும் அதெல்லாம் உக்கி மண்ணாகாமல் அப்படியே கிடக்குமாம். பிளாஸ்ரிக்கும் நைலோனும் அப்படித்தான், உக்கவே உக்காது என்றாள். பருத்தித் துணி கட்டுங்கள், மற்றப் பிள்ளைகள் பாவித்து நூறு தரம் தோய்த்த துணி என்றால் இன்னும் நல்லது என்கிறாள்.

அவள் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. பெற்றிசியாதான் மறிக்கிறாள். முதல் பிள்ளைக்கு எல்லாம் புதிதாக வாங்கினோம். தள்ளுவண்டில் ஒரு வருசம் நிலவறையில் மடித்தபடி நின்றது. இந்த முறை பிள்ளை பிறக்கும்வரை ஒரு சாமானும் வாசல்படி தாண்டக்கூடாது என்கிறாள். மருத்துவிச்சியோ ஏழாம் மாதத்துக்குள் எல்லாம் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்கிறாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

பெனடிக்றுக்குக் கடலுக்குப் போகப் பாஸ் கிடைத்ததா? அவனையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
அம்புறோஸ்


பேசாலை
6.4.1997

அன்புள்ள தம்பிக்கும் பெற்றிசியாவுக்கும்,

கடிதம் கண்டு சந்தோசம். நாங்கள் மூவரும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி. அது அவருக்குக் கூடப்பிறந்தது.

உன் மருத்துவிச்சியை ஒருதரம் இங்கே அனுப்பிவிடு. பேசாலையில் எந்தக் கடையிலும் பம்பேஸ் இல்லை, பிளாஸ்ரிக் தொட்டி இல்லை. சண்டையால் ரோச் பற்றறிக்கே தடை. நாங்கள் எல்லாரும் இயற்கைக்காரர்தான், வேறு வழி இல்லாமல்.

பெற்றிசியா சொல்வதில் பிழை இல்லை. பிறக்க முதல் வாங்கிக் குவிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் வாங்குவது வேறு, கேட்டு எடுப்பது வேறு. இரண்டு பிள்ளை தங்காத தாய்க்கு நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள் தங்கின ஏழு வீட்டுக்குப் போய், வீட்டுக்கு ஒரு பழந்துணியாக வாய் திறந்து கேட்டு வாங்கவேண்டும். காசு கொடுக்கக்கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் துணி மட்டும் ஆகாது. அப்படிக் கேட்டு எடுத்த துணியில் கிடக்கிற பிள்ளை தங்கும். சுவாமியார் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும், அவர் பிள்ளை பெறப் போவதில்லை.

கேட்டு எடுக்கிற வேலை என்னுடையது. ஏழாவது துணி நம்முடைய வீட்டுத் துணி. பெனடிக்ற் கிடந்த ஏணைச் சேலை, கூரை வளையில் கட்டித் தொட்டிலாக ஆட்டினது, இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. எட்டு வயதில் அவன் அதைப் போர்த்துப் படுத்துக் கிழித்துவிட்டு, நான் ஏசுவேன் என்ற பயத்தில் அத்தானின் வலை நூலால் கிழிசலைத் தைத்துப் பொத்தி வைத்தான். வலைக்குப் போடுகிற அதே முடிச்சு. அந்தச் சேலையை வீசினால் இரண்டு சூடை மீனாவது படும். அந்த மூலையை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறேன்.

கட்டில் பழையது என்றால் நல்லது. ஆடுகிறதா என்று மட்டும் பார். கிலுகிலுப்பைக்கு அவசரம் இல்லை, பிள்ளை முதல் மூன்று மாதம் தாயின் முகத்தைத்தான் பார்க்கும். துணியை முக்கோணமாக மடித்து, முடிச்சை இடுப்பின் ஓரத்தில் போடு. தொப்புளுக்கு மேல் போடாதே.

பெனடிக்றுக்குப் பாஸ் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கராசாவின் வள்ளத்தில் போகிறான். காலை ஆறு மணிக்குப் போய்ப் பின்னேரத்துக்குள் கரை ஏறவேண்டும் என்று நேவிக்காரரின் கட்டளை. பிந்தினால் வில்லங்கம். அதனால் மாமாவிடம் தண்ணீர் போகாத மணிக்கூடு ஒன்று கேட்டு எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன். கொடுப்பதும் விடுவதும் மாமாவின் பாடு.

பெற்றிசியாவை நெத்தலிக் கருவாட்டுக்கு ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லு, அனுப்ப வழியில்லை.

அக்கா,
றோசம்மா


டோர்ட்முண்ட்
4.5.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று சொல்லத் தெரியவில்லை. சேலையில் சூடை பிடிக்கிற கதையைப் பெற்றிசியா மூன்று தரம் வாசித்தாள். பிறகு, கேட்டு எடுத்த துணி என்றால் வரட்டும் என்றாள். பழைய கட்டிலுக்கும் ஓம் என்றுவிட்டாள். மேல் வீட்டு ஜேர்மன் மனுசி தன் நான்கு பிள்ளைகளும் கிடந்த மரக்கட்டிலைத் தருகிறாள். பெனடிக்ற் பொத்தின மூலையை வெட்டவேண்டாம், அதோடு அனுப்பச் சொல்லுங்கள் என்று பெற்றிசியா சொல்கிறாள். மருத்துவிச்சியிடம் அந்த ஏழு வீட்டுக் கதையைச் சொன்னேன். உங்கள் அக்காவுக்கு எங்கள் சங்கத்தில் உறுப்புரிமை கொடுக்கவேண்டும் என்றாள்.

பால் போத்தல் கண்ணாடியா பிளாஸ்ரிக்கா என்று கடையில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

மணிக்கூடு வாங்கிவிட்டேன், ஐம்பது மீற்றர் ஆழத்துக்குப் போனாலும் ஓடுமாம். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன், அங்கிருந்து தபாலில் போடுவார். மருமகன் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டும். அவனை இங்கே எடுக்கச் சொல்லித் தொண்ணூற்றைந்தில் நீங்கள் கேட்டது எனக்கு மறக்கவில்லை. விசா அலுவல் சரிவந்ததும் பார்க்கிறேன்.

அன்புத் தம்பி,
அம்புறோஸ்


பேசாலை
11.7.1997

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். எழுதப் பிந்திவிட்டது. ஒன்றுமில்லை, பஞ்சி.

காற்று ஓயாமல் அடிக்கிறது. வீட்டுக்குள் எல்லாம் மணல். கடலுக்கு இப்போது ஒருவரையும் விடுவதில்லை. அத்தான் காலையில் கரைக்குப் போய்ப் பத்து மணிக்கு வருவார். பின்னேரமும் போவார்.

இதுவரை ஐந்து வீட்டுத் துணி சேர்ந்திருக்கிறது. இன்னும் ஒரு வீடு கேட்டிருக்கிறேன்.

மணிக்கூடு கிடைத்தது. நன்றாக ஓடுகிறது.

கண்ணாடிப் போத்தல் வாங்கு, அவிக்கலாம். தாய்ப்பால் இருந்தால் அதுவும் தேவையில்லை. பெற்றிசியாவைப் பாரம் தூக்க விடாதே. அவளுக்கு மனக்கவலை வரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்.

அக்கா,
றோசம்மா


டோர்ட்முண்ட்
1.8.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பெற்றிசியாவின் கால் மட்டும் வீங்குகிறது, பயமில்லை என்றார்கள்.

இரண்டு மாதம் காத்திருந்து பார்த்தால் தந்தி மாதிரி ஒரு கடிதம். பஞ்சி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளும் சோம்பி இராத அக்காவுக்குப் பஞ்சி என்று நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

கடல் மறித்திருக்கிறது என்றால் அத்தான் இரண்டு நேரமும் கரையில் என்ன செய்கிறார்? முழங்கால் வலிக்காரரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

பெனடிக்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. மணிக்கூடு பிடிக்கவில்லையா? என்னோடு கோபமா? இந்தக் காலத்தில் பொடியன்மார் சொல்லாமல் புறப்பட்டுப் போகிறார்கள். அப்படி ஏதும் என்றால் மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னும் ஆறு கிழமைதான். கட்டில் வந்துவிட்டது, மெத்தையில் வெறும் வெள்ளைத் துணி விரித்திருக்கிறேன். பெற்றிசியா அந்த அறைக்குள் போவதில்லை. உங்கள் பார்சல் வந்த பிறகுதான் போவாளாம். கெதியாக அனுப்புங்கள்.

தம்பி,
அம்புறோஸ்


பேசாலை
19.8.1997

அன்புள்ள தம்பிக்கும் பெற்றிசியாவுக்கும்,

உங்கள் இருவருக்கும் கர்த்தர் துணை நிற்கட்டும். நாங்கள் இருக்கிறோம்.

இன்று மன்னார்த் தபால் கந்தோரில் பார்சல் போட்டேன். எல்லாத் துணியும் வேப்பிலை போட்டு அவித்து, மூன்று நாள் வெயிலில் காயவிட்டது. மருத்துவிச்சி மணந்து பார்த்தாலும் பிழை பிடிக்க மாட்டாள். எது யாருடையது என்று பெற்றிசியாவுக்குத் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நீலக்கரை போட்டது லூர்தம்மாவின் துணி. ஒன்பது பிள்ளை, ஒன்பதும் இருக்கிறது. மஞ்சள் பூப்போட்டது செல்லாயியின் சீலை. மலைநாட்டிலிருந்து வந்து இங்கே மீன் வாடியில் கூலிக்கு நிற்கிறாள். கேட்கப் போனபோது வெட்கப்பட்டாள். "எங்கிட்ட கிழிசல்தானே இருக்கு அக்கா, இதைப் போயி சீமைக்கு அனுப்புவீங்களா" என்றாள். கிழிசல்தான் வேண்டும் என்றதும் இருந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்துத் தந்தாள்.

மெல்லிய வெள்ளை, எருக்கலம்பிட்டி உம்மு ஸல்மாவுடையது. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை எல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது பிள்ளைத்துணி மூட்டை ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனவள். கேளாமல் எடுக்கக்கூடாது என்று, அவர்கள் இப்போது இருக்கிற புத்தளத்துக்கு எழுதினேன். "எடுங்கோ றோசம்மா, பிள்ளைக்குத்தானே. எடுத்துப்போட்டு மூட்டையைத் திருப்பிக் கட்டி வையுங்கோ, நாங்கள் வந்து அவிழ்ப்பம்" என்று பதில் போட்டிருந்தாள். கட்டி வைத்திருக்கிறேன்.

தடித்த வேட்டித்துணி உப்புக்குளத்துச் சிவசுப்பிரமணியம் மாஸ்ரர் வீட்டுடையது. மற்ற இரண்டும் எங்கள் தெருவில் அந்தோனியம்மா வீடும் அவள் தங்கை வீடும்.

நம்முடைய சேலையை எலி கடித்துவிட்டது. அனுப்பக்கூடியதாக இல்லை. குறை நினைக்கவேண்டாம்.

சவர்க்காரம் அதிகம் போடாதே. வெயில் இல்லாத ஊரில் அடுப்புப் பக்கத்தில் காயவிடு, ஈரத்தோடு கட்டாதே.

அக்கா,
றோசம்மா


டோர்ட்முண்ட்
14.9.1997

அக்காவுக்கு,

சுகம். பார்சல் முந்தநாள் வந்தது. பெற்றிசியா பிள்ளையின் அறைக்குள் போனாள். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் ஒற்றிப் பார்த்தாள். பிறகு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். ஆறு.

அக்கா, எனக்கு மனம் சரியில்லை. ஊரெல்லாம் நடந்து ஆறு வீட்டில் கேட்டு வாங்கின உங்களுக்கு நம்முடைய வீட்டில் ஒரு துண்டு கிடைக்கவில்லையா? எலி கடித்த சேலையில் ஒரு முழமாவது மிஞ்சாதா? பெனடிக்றின் சட்டை இல்லையா, அத்தானின் சாரம் இல்லையா? ஏழு என்று சொன்னதும் நீங்கள், ஏழாவது நம்முடையது என்று எழுதினதும் நீங்கள்.

பெனடிக்றை நான் எடுக்கவில்லை என்ற கோபத்தை என் பிள்ளையின் துணியில் காட்டுகிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கோபம் என்றால் என்னை ஏசுங்கள். இது பெற்றிசியாவுக்குச் செய்கிற வேலை இல்லை.

அம்புறோஸ்


டோர்ட்முண்ட்
16.9.1997

அன்புள்ள மச்சாளுக்கு,

பெற்றிசியா எழுதுகிறேன். எனக்குச் சுகம். வலி இன்னும் வரவில்லை, இன்றோ நாளையோ என்கிறார்கள். இவர் வேலைக்குப் போயிருக்கிறார். இதை நானே போய்த் தபாலில் போடப் போகிறேன்.

இவர் கோபத்தில் எழுதின கடிதத்தைப் போட்ட பிறகுதான் எனக்குச் சொன்னார். நீங்கள் அதை மனதில் எடுக்கவேண்டாம். அன்று பின்னேரம் உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் துணி மட்டும் ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் வாசிக்க என்னால் முடியவில்லை.

மச்சாள், பெனடிக்ற் எங்கே?

நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும். உண்மை என்றால், நான் தாங்கமாட்டேன் என்று நீங்கள் இவ்வளவு நாளும் தனியே தாங்கியிருக்கிறீர்கள். ஒன்பது நாள் பால் கொடுத்துவிட்டு, பிறகு பால் வற்றும்வரை நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டினவள் நான். எனக்குச் சொல்லலாம்.

அந்த முறைப்படி பார்த்தால் என் வீட்டுக்கும் யாரும் துணி கேட்டு வரமாட்டார்கள். உங்கள் துணி ஆகாது என்றால், அதைக் கட்டப்போகிற என் கையும் ஆகாது. அந்தச் சேலையை அனுப்புங்கள். பொத்தின மூலையோடு அனுப்புங்கள். என் பிள்ளை அதில் கிடக்கட்டும்.

உங்கள் மச்சாள்,
பெற்றிசியா


பேசாலை
18.10.1997

அன்புள்ள பெற்றிசியாவுக்கும் தம்பிக்கும் என் மருமகளுக்கும்,

பெண்பிள்ளை, இருவரும் சுகம் என்ற தந்தி முதலில் வந்தது. கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். பிறகு தம்பியின் கடிதம், ஒரு கிழமை கழித்து உன்னுடையது. தம்பி ஏசினது எனக்கு வலிக்கவில்லை. அவன் ஏசின அந்த நாலு வரிக்குள் என் பிள்ளை உயிரோடு இருந்தான்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மே மாதம் பதினாறாம் திகதி காலை பெனடிக்ற் சிங்கராசாவோடு போனான். பாஸ் இருந்தது. மத்தியானம் போல் கடலில் சூட்டுச் சத்தம் கேட்டது. யார் யாரைச் சுட்டார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தலைமன்னார்ப் பக்கம் வள்ளம் மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. வலை இருந்தது, சோற்றுச் சட்டி இருந்தது, இரண்டு பேரும் இல்லை. நேவி முகாமிலும் கேட்டோம், செஞ்சிலுவைக்காரரிடமும் எழுதிக் கொடுத்தோம். அத்தான் அந்த மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டுதான் கரைக்குப் போகிறார். ஆறு மணிக்குப் போகிறவன் பின்னேரத்துக்குள் வரவேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

எலி கடிக்கவில்லை. சேலையைப் பார்சலுக்குள் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். வைத்தால் என் வீடு பிள்ளை தங்கின வீடு என்று சொல்லவேண்டும். அவன் இல்லை என்றால் அந்தப் பொய் உன் பிள்ளையின் தலையில் விடியும். வைக்காவிட்டால் அவன் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. என்னுடையது எந்த வீடு என்று எனக்கே தெரியவில்லை, மச்சாள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் எலியின் தலையில் போட்டேன்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். மே மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு நாலு சொல் சேர்த்துப் பேசினதில்லை. கேட்டுவிட்டு, "அனுப்பு. அவனும் ஜேர்மனிக்குப் போக ஆசைப்பட்டவன்தானே" என்றார். பிறகு இருவரும் இருந்து அழுதோம். சேர்ந்து அழுதது அன்றுதான்.

ஏணைச் சேலையை இதோடு அனுப்புகிறேன். ஆறோடு சேர்த்து எண்ணுவதும் எண்ணாமல் விடுவதும் உன் விருப்பம். கட்டிலில் விரிக்கலாம், குளிருக்குப் போர்க்கலாம். வேப்பிலை போட்டு அவித்துத்தான் இருக்கிறது.

ஒரு குறை இருக்கிறது, மருத்துவிச்சியிடம் மறைக்காமல் சொல்லிவிடு. மூலையில் பெனடிக்ற் பொத்தின நூல் நைலோன். பதினொரு முடிச்சு. பிள்ளைக்குக் குத்துமோ என்று ஒவ்வொரு முடிச்சாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், குத்தவில்லை. அவள் பிரிக்கச் சொன்னாலும் பிரிக்காதே. நைலோன் உக்காது என்று தம்பி எழுதியிருந்தான். அது உக்காமலே கிடக்கட்டும்.

மச்சாள்,
றோசம்மா